நிரலை விட்டுக் கோப்புக்கு: செயற்கை நுண்ணறிவுப் பொறியாளர் பல்கலைக்கழகத் தலைமைக்கு வருவது எப்படி

பெங்களூரிலும் சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையிலும் செயற்கை நுண்ணறிவு வேலை பார்க்கும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் பொங்கல் விடுப்பில் ஊருக்கு வந்தால் என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள். காபி ஆறுவதற்குள் பேச்சு விஷயத்துக்கு வந்துவிடும். "கல்லூரிப் பக்கம் வந்துவிடலாம் என்று பார்க்கிறேன் மேடம். பின்னாளில் துணைவேந்தர் வரைக்கும் போக வழி இருக்கிறதா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முனைவர் பட்டம் எப்போது முடித்தீர்கள்? பாதிப் பேர் அந்த இடத்திலேயே காபித் தம்ளரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் பெங்களூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆசிரியர் பணிக்கு வந்தேன். துறைத்தலைவர், புல முதன்மையர் (டீன்) என்று படிப்படியாக வந்து, இப்போது புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருக்கிறேன். தலைமைப் பண்பைப் பற்றிய சொற்பொழிவு எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு யூடியூபில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பாதையில் கெட்டிக்காரர்கள் இடறி விழுவது இரண்டு இடங்களில்: ஒன்று ஆண்டுக் கணக்கு, இன்னொன்று கோப்பு. அவற்றைத்தான் விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆண்டுகளை எண்ணுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, துணைவேந்தராக வருகிறவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் குறைந்தது 10 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ 10 ஆண்டு அனுபவமும், கல்வித் துறையில் தலைமை தாங்கியதற்கான சான்றும் வேண்டும். பேராசிரியர் என்றால் பேராசிரியர்தான். உதவிப் பேராசிரியராகவும் இணைப் பேராசிரியராகவும் கழித்த காலம் அந்தப் பத்தில் சேராது.

அந்தப் பத்து எப்போது தொடங்கும் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பொறியியல் துறைகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2019இல் வகுத்த தகுதிகள் இவை. உதவிப் பேராசிரியர் ஆக பி.இ., எம்.இ. இரண்டும் இருந்து, ஏதேனும் ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் போதும். இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டமும் மொத்தம் 8 ஆண்டு அனுபவமும் வேண்டும். அதில் 2 ஆண்டுகளாவது பட்டத்துக்குப் பிந்தையவையாக இருக்க வேண்டும். பேராசிரியருக்கு 10 ஆண்டுகள், அதில் 3 ஆண்டுகள் இணைப் பேராசிரியர் நிலையில். இவற்றோடு ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மாணவர் வழிகாட்டுதல் என்ற நிபந்தனைகளும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு வயது 35. எம்.இ. முடித்திருக்கிறீர்கள், கம்பெனியில் பத்தாண்டு அனுபவம் இருக்கிறது, முனைவர் பட்டம் இல்லை. இன்றைக்கே பதிவு செய்தாலும் முடிக்கக் குறைந்தது 3 ஆண்டுகள். பகுதிநேரமாகச் செய்தால் 5 ஆண்டுகள் என்று வையுங்கள். 40 வயதில் பட்டம், 42இல் இணைப் பேராசிரியர், 45இல் பேராசிரியர், 55இல் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி. இது எங்கும் தடங்கல் இல்லாமல், அவ்வப்போது காலியிடமும் கிடைத்தால் நடப்பது. கம்பெனி அனுபவத்தைக் கீழ்ப்படிகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். எட்டும் பத்தும் கணக்கிடும்போது தொழில்துறை ஆண்டுகளும் சேரும். துணைவேந்தர் படியில் அது உதவாது. ஆகவே முனைவர் பட்டத்தை ஓராண்டு தள்ளிப்போட்டால் எல்லாமே ஓராண்டு தள்ளிப்போகும். "இந்தப் புராஜெக்ட் முடியட்டும்" என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன்.

இந்த விதியை வளைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உத்தரகண்டில் அல்மோராவிலுள்ள சோபன் சிங் ஜீனா பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அதை உறுதிசெய்தது. பேராசிரியராக அவருக்குப் பத்து ஆண்டுகள் நிரம்பவில்லை. மாநிலத் தேர்வாணைய உறுப்பினராக இருந்த காலத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்த நியமனமும் ரத்தானது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழு, பட்டியல் தராமல் ஒரே பெயரை அனுப்பியிருந்தது. பதவி ஏற்று, பெயர்ப்பலகை மாட்டி, வாழ்த்து மாலைகள் வாடுவதற்குள் வழக்கு வந்துவிடும்.

2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிமுறை, தொழில்துறையிலும் பொது நிர்வாகத்திலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் மூத்த நிலையில் 10 ஆண்டுகள் இருந்தவர்களுக்கும் துணைவேந்தர் பதவிக்குக் கதவைத் திறக்கப் பார்த்தது. அந்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியல் நியாயங்களை நீங்கள் எப்படி எடைபோட்டாலும் சரி, ஒரு வரைவை நம்பி இருபது ஆண்டு வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம்.

பக்கவாசல் ஒன்று உண்டு

2022இல் மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் முனைவர் பட்டம் இல்லாமலே வகுப்பெடுக்க வரலாம். அதிகபட்சம் 3 ஆண்டுகள், விதிவிலக்காக இன்னும் ஓராண்டு. ஊதியம் மொத்தத் தொகையாகத்தான் வரும். முறையான பணியிடம் கிடையாது. இதைத் தலைமைக்கு ஏறும் படி என்று நினைத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்காண்டு முடிந்ததும் கைகுலுக்கி வழியனுப்பிவிடுவார்கள்.

ஆனாலும் இது வீண் அல்ல. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிகழ்தகவு நடத்த உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா, விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போது எரிச்சல் வருகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. வேலையை விடாமல் வாரத்துக்கு ஒரு பாடம் எடுக்க ஒப்புக்கொள்ளும் கல்லூரிகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் உண்டு. ஒரு பருவம் எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடலாம்.

யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது

எங்கள் துறையில் ராஜ் ரெட்டியைத்தான் முதலில் சொல்வேன். ஆந்திர கிராமத்தில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றவர். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, அங்கேயே ஐபிஎம்மில் வேலை, பிறகு ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966இல் முனைவர். பேச்சை இயந்திரம் புரிந்துகொள்ள வைப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. அதனால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1969இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1979இல் அங்கே ரோபாட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். 1991இல்தான் கணினி அறிவியல் புலத்தின் முதன்மையர் ஆனார். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது 1994இல் வந்தது.

இதில் என் கண்ணுக்குப் படுவது நடுவில் இருக்கும் பன்னிரண்டு ஆண்டுகள். ஒரே நிறுவனத்தைத் தொடங்கி, ஆள் சேர்த்து, பணம் தேடி, நிலைநிறுத்திவிட்டுத்தான் பெரிய பொறுப்புக்குப் போனார். நம் ஆட்கள் துறைத்தலைவர் நாற்காலியில் ஈராண்டு உட்கார்ந்ததும் அடுத்த நாற்காலியைத் தேடுகிறார்கள். தேடுதல் குழுவில் இருப்பவர்கள், நீங்கள் தொடங்கியது நீங்கள் நகர்ந்த பிறகும் ஓடுகிறதா என்றுதான் விசாரிப்பார்கள்.

இந்தியாவுக்குள் பார்த்தால், கணினிப் பார்வை ஆய்வாளர் பி.ஜே. நாராயணன் பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றியவர். 2013இல் ஹைதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (ஐஐஐடி) இயக்குநரானார். அரசு ஆய்வகம் வழியாக வரும் பாதை இது. கம்பெனிக்கும் வளாகத்துக்கும் போய்வந்துகொண்டே இருப்பது அமெரிக்காவில் சகஜம். ஆண்ட்ரூ மூர் கார்னகி மெலனில் பேராசிரியராக இருந்து கூகுளுக்குப் போய், 2014இல் அதே பல்கலைக்கழகத்துக்கு முதன்மையராகத் திரும்பி, மறுபடியும் கூகுளுக்குப் போனார். நம் விதிகளின் கீழ் அப்படிப் போய்வந்தால் பேராசிரியர் ஆண்டுகள் நடுவில் அறுந்துபோகும். அபுதாபியில் 2019இல் தொடங்கிய முகமது பின் சாயித் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகத்தின் தலைவராக எரிக் ஷிங் வந்தாரே என்று கேட்பார்கள். வந்தார், கம்பெனி தொடங்கி நடத்தியவர்தான். ஆனால் அதற்கு முன்பே அவர் கார்னகி மெலனில் பேராசிரியர்.

ஆய்வுத் தலைப்பை வாசலிலிருந்து எடுங்கள்

பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு மானியக் குழுவின் 2022 விதிமுறை இடம் தருகிறது. பணிபுரியும் நிறுவனத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். உச்ச வரம்பு 6 ஆண்டுகள், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. நம் பக்கத்தில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் பழைய பொறியியல் கல்லூரியிலிருந்து 2020இல் உருவான புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் 1929 முதல் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காரைக்காலில் என்ஐடி என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. வழிகாட்டியைப் பார்த்துச் சேருங்கள். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் 6 பேரை. எட்டும் நிரம்பியவரிடம் ஒன்பதாவதாகக் காத்திருப்பது வீண்.

தலைப்பில்தான் பெங்களூர்ப் பிள்ளைகள் கோட்டைவிடுகிறார்கள். பெரிய கம்பெனிகள் மாடலைப் பயிற்றுவிக்கும் ஜிபியு சில்லுகளைப் பல ஆயிரம் வைத்துக்கொண்டு செய்வதையே வீட்டு மடிக்கணினியில் ஒரு சதவீதம் முன்னேற்றப் பார்க்கிறார்கள். கட்டுரை வெளிவருவதற்குள் அது பழசாகிவிடும். நான் செய்தது முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் பேச்சை எழுத்தாக்குவது. விடியற்காலையில் படகு கரைசேரும். இயந்திரம் அணைவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஒரே மூச்சில் மூன்று பேர் விலை கேட்பார்கள், கூடையை இழுக்கிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், நடுவில் ஏலம் விடுகிற அக்காவின் குரல். செய்தி வாசிப்பில் பயிற்றுவித்த மாடல் அங்கே திணறும். 'கொண்டல்' என்று காற்றைச் சொன்னால் 'கொண்டால்' என்று எழுதும். பிழைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வகைபிரித்தபோது, சத்தத்தால் வந்ததைவிட அகராதியில் இல்லாத கடற்சொற்களால் வந்ததே அதிகம் என்று தெரிந்தது. அந்தப் பட்டியல்தான் என் ஆய்வின் முதுகெலும்பு. வேறு யாரிடமும் அந்த ஒலிப்பதிவு இல்லை. அதனால் யாரும் என்னை முந்தவும் இல்லை.

உங்களுக்கும் இங்கே கிடைக்கும். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காத்துவரும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. அவற்றில் பெரும்பகுதி கிரந்த எழுத்து. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறிகிற வேலை ஒரு தலைமுறைக்குப் போதும். புதுச்சேரி மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் கிராமத் தகவல் மையம், அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னது. இன்றைய முன்னறிவிப்பு மாடல்களை அந்த ஒலிபெருக்கி வரைக்கும் கொண்டுசேர்ப்பது நல்ல ஆய்வு. பண்ருட்டி முந்திரியில் தரம் பிரிப்பது எளிதான தொடக்கம், ஆனால் அதில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

கோப்பு எழுதப் பழகுங்கள்

பல்கலைக்கழகம் பேச்சால் நகர்வதில்லை, கோப்பால் நகர்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது பிடிபட வேண்டும். ஆனால் பெரும்பாலோர் இதை குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குகிறவர் துறைத்தலைவர் பதவிக்கு மேலே போனதை நான் பார்த்ததில்லை.

ஒரு கோப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அட்டைக்குள் இரண்டு பகுதி இருக்கும். ஒரு பக்கம் குறிப்புக் கோப்பு: யார் என்ன முன்மொழிந்தார், யார் என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்ற வரிசை. மறுபக்கம் நடப்புக் கோப்பு: வந்த கடிதம், விலைப்புள்ளி, அரசாணை நகல், எல்லாம் பக்க எண் போட்டு நூல் கோத்திருக்கும். குறிப்பில் சொல்கிற ஒவ்வொரு தகவலுக்கும் நடப்புக் கோப்பில் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் எழுத வேண்டும். இன்று கோப்புகள் திரைக்கு மாறிவிட்டன, அமைப்பு மட்டும் மாறவில்லை.

நான் துறைத்தலைவராக இருந்தபோது நிர்வாகப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ஓய்வுபெறும் வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். பக்கத்துத் துறையிலிருந்து வந்த நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை என் முன்னால் விரித்து, "மேடம், படித்துப் பாருங்கள். இவர் ஒப்புதல் கேட்கிறாரா, தகவல் சொல்கிறாரா?" என்றார். செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம் பற்றி மூன்று பக்கம் இருந்தது. என்ன வேண்டும் என்பது எங்கும் இல்லை. "கடைசி வரியில் கேட்காத குறிப்பு விலாசம் எழுதாத கவர் மேடம். எந்த மேசையிலும் தங்கிவிடும்" என்றார். அது மூன்று மாதமாக அவர் மேசையில்தான் தங்கியிருந்தது.

ஆய்வகத்துக்கு ஜிபியு சர்வர் வேண்டும் என்று வையுங்கள். குறிப்பை இப்படி எழுதுங்கள். முதல் பத்தியில் இப்போது என்ன இயந்திரம் இருக்கிறது, எந்த ஆண்டு வாங்கியது, இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கம். இரண்டாவதில் யார் பயன்படுத்துகிறார்கள், ஒரு வேலைக்கு எத்தனை நாள் காத்திருக்கிறார்கள். இதற்கு இயந்திரத்தின் பதிவுகளை அச்செடுத்து இணைக்கலாம், நாம் பிறரைவிட நன்றாகச் செய்யக்கூடிய இடம் இதுதான். மூன்றாவதில் மதிப்பீடு, எந்த நிதித் தலைப்பில் செலவு, அதில் மீதி எவ்வளவு. நான்காவதில் அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் கிடைக்கிறதா, இல்லையென்றால் எந்த விதியின் கீழ் டெண்டர். ஐந்தாவதைப் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுவார்கள்: மின்சாரம். எட்டு ஹெச்100 சில்லு கொண்ட என்விடியா டிஜிஎக்ஸ் பெட்டி உச்சத்தில் 10.2 கிலோவாட் இழுக்கும். அதற்குத் தனி இணைப்பு, யுபிஎஸ், இரவுபகலாக ஓடும் ஏசி, கடற்கரையோரக் கட்டடம் என்றால் உப்புக்காற்று புகாத அறை என எல்லாவற்றையும் இதே கோப்பில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் பொறியியல் பிரிவுக்கு இன்னொரு கோப்பு, இன்னோர் ஆண்டு. பெட்டி பிரிக்கப்படாமல் தாழ்வாரத்தில் நிற்கும், உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிப் பத்தியில்: மேற்கண்ட கொள்முதலுக்கு நிர்வாக ஒப்புதலும் நிதி ஒப்புதலும் அளிக்குமாறு கோரிப் பணிந்தனுப்பப்படுகிறது. அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

கோப்போடு சேர்த்து, எந்த முடிவு எந்தக் குழுவில் எடுக்கப்படுகிறது என்பதையும் படித்துவையுங்கள். புதிய பாடம் பாடத்திட்டக் குழுவில் தொடங்கி கல்விக்குழுவுக்குப் போகும், பணம் நிதிக்குழுவுக்கு, நியமனமும் பணியிடமும் ஆட்சிக்குழுவுக்கு. பல்கலைக்கழகச் சட்டத்தையும் துணைவிதிகளையும் ஒரு முறையாவது முழுதாக வாசியுங்கள். இணையத்தில் கிடைக்கும். வாசித்தவர் வளாகத்தில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள், அந்தப் பத்துப் பேரிடம்தான் எல்லோரும் வந்து கேட்பார்கள்.

யாரும் விரும்பாத பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்

விடுதிக் காப்பாளர், தேர்வு ஒருங்கிணைப்பாளர், உள்தர உறுதிக் குழு. மூன்றில் தேர்வுதான் உங்களை உருவாக்கும். பல்கலைக்கழகம் வெளியுலகுக்குத் தருகிற ஒரே உறுதிமொழி அந்த மதிப்பெண் பட்டியல்தான்.

புதுச்சேரி, கடலூரில் தேர்வு நடத்துவதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. என் மாணவர்களில் ஒருவர் பாகூரிலிருந்து வருகிறார், அவர் புதுச்சேரி அரசின் கீழ். அடுத்த பெஞ்சில் இருப்பவர் ரெட்டிச்சாவடி, அவர் கடலூர் மாவட்ட ஆட்சியரின் கீழ். மழைக்கு இந்தப் பக்கம் விடுமுறை அறிவித்தால் அந்தப் பக்கம் அறிவிக்க வேண்டும் என்று இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அது ஓய்ந்தது என்று நினைக்கும்போது சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூர் சாலையே நின்றுபோனது. இப்படிப்பட்ட வாரத்தில் தேர்வைத் தள்ளிவைப்பதா என்று முந்தைய மாலையே முடிவெடுக்க வேண்டும். விடியற்காலை எடுக்கிற சரியான முடிவைவிட, மாலை ஆறு மணிக்கு எடுத்து எல்லோருக்கும் சென்றுசேர்கிற சுமாரான முடிவே மேல். ஏற்கெனவே பஸ் ஏறிவிட்ட மாணவிக்கு உங்கள் துல்லியத்தால் பயனில்லை. வினாத்தாள் உறை பிரிக்கப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் ஒவ்வொரு மையத்திலிருந்தும் எழுத்தில் வாங்குங்கள். பிரித்திருந்தால் அந்தத் தாளை மறுபடி பயன்படுத்த முடியாது.

விடைத்தாளை மாடல் திருத்தலாமே என்று கேட்பீர்கள். கேட்காத பொறியாளர் இல்லை. மறுமதிப்பீடு கேட்கிற மாணவரிடம் ஏன் ஏழு மதிப்பெண் என்று காட்ட உங்களால் முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். திருத்தியவர்களைச் சரிபார்க்கத்தான் நான் மாடலைப் பயன்படுத்துகிறேன்: ஒரே கேள்விக்கு ஒருவர் தொடர்ந்து மற்றவர்களைவிடத் தாராளமாகவோ கஞ்சத்தனமாகவோ போட்டிருந்தால் அந்தக் கட்டை இன்னொருவர் பார்க்கிறார். மதிப்பெண் போடுவது மனிதர்தான்.

உள்தர உறுதிக் குழுவும் தரவரிசை வேலையும் உங்களுக்கு எளிது, அதுவே ஆபத்து. 2016 முதல் வரும் உயர்கல்வி நிறுவனங்களின் தேசிய தரவரிசையில் (என்ஐஆர்எஃப்) கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்றவர்களின் நிலைக்கு 20, பல தரப்பினருக்கும் இடம் தருவதற்கு 10, வெளியே உள்ள நற்பெயருக்கு 10 என்று எடை இருக்கிறது. எடை தெரிந்துவிட்டால் மதிப்பெண்ணை ஏற்றுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. சோதனைத் தரவுக்கே மாடலைப் பழக்கினால் சோதனையில் மட்டும் ஜெயித்து வெளியே திணறும் என்று நமக்குத் தெரியும். கட்டுரை எண்ணிக்கையைத் துரத்துகிற வளாகங்களில் அதே கதைதான் நடக்கிறது.

சம்பளம்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழு அளவில் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை ஊதியம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது, பேராசிரியருக்கு 1,44,200, துணைவேந்தருக்கு 2,10,000, படிகள் தனி. தனியார் கல்லூரிகள் பல இதைத் தருவதில்லை. நேர்காணலிலேயே எழுத்தில் கேளுங்கள். பெங்களூரில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று வைத்து வீட்டுக் கடனைக் கணக்கிட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் இருப்பவரையும் அந்தக் கணக்கில் உட்காரவையுங்கள்.

விண்ணப்பமும் முதல் வாரமும்

தகுதி வந்த பிறகு தேடுதல் குழு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பீர்கள். குழுவில் மூன்றிலிருந்து ஐந்து பேர். அவர்களும் மூன்றிலிருந்து ஐந்து பெயர்களைப் பரிந்துரைப்பார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பதவிக்காலம் 5 ஆண்டுகள், தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் 3. பணி நியமன ஆணை, பணியேற்புக் கடிதம், பணியிலிருந்து விடுவித்த ஆணை, பேராசிரியர் ஊதியத்துக்கு மாறிய தேதிக்கான சான்று ஆகியவற்றை முதல் வேலையிலிருந்தே ஒரு பெட்டியில் சேர்த்துவையுங்கள். மூடிப்போன கல்லூரியிலிருந்து பணிச் சான்று வாங்க அலைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தொலைநோக்கு அறிக்கை கேட்பார்கள். செயற்கை நுண்ணறிவு பல்கலைக்கழகத்தை எப்படிப் புரட்டிப்போடும் என்று எழுதாதீர்கள். வருகிற விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும், பாதி அந்த மாடலே எழுதியதாகவும் இருக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் வாசித்து, காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்களையும் முடிவு தாமதமான தேர்வுகளையும் பற்றி எழுதுங்கள். நேர்காணலில் உங்கள் பழைய கம்பெனியின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும்.

பதவி கிடைத்தால், பொன்னாடை எல்லாம் முடிந்த மறுநாள் பதிவாளரிடம் மூன்று பட்டியல் கேளுங்கள்: நிலுவையில் உள்ள நீதிமன்ற வழக்குகள், தீராத தணிக்கை ஆட்சேபங்கள், இன்னும் வெளிவராத தேர்வு முடிவுகள். வழக்குப் பட்டியலில் அடுத்த விசாரணைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே வழக்கறிஞரை அழையுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை உங்கள் அறைக்குக் கூப்பிடாமல் அவர் பிரிவுக்கு நீங்களே போய், விடைத்தாள் கட்டுகள் எங்கே அடுக்கியிருக்கிறது, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். புது சர்வருக்கான குறிப்பை அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம்.